படுத்த நாளுக்குச் சம்பளம்

சலவை நிலையத்தில் அவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிட வயதில் மூத்தவர்கள்கூட அப்படித்தான். தம்பி நாள் முழுக்க அக்கா, அக்கா என்று கத்துவதைக் கேட்டுக் கேட்டு மற்றவர்களுக்கும் ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. தம்பி வேன் ஓட்டினான், கணக்குப் பார்த்தான், பாக்கி வைக்கும் வாடிக்கையாளர்களிடம் சண்டை போட்டான். மிச்சமெல்லாம் அவள் தலையில்.

கடைகளின் முதுகுப் பக்கமாகப் போகும் சந்தில் தகரக் கூரை போட்ட நீளமான கட்டடம். முன்வாசலில் அழுக்கு மூட்டைகள் வந்து இறங்கும். பின்வாசல் வழியாக மடித்த துணி வெளியேறும். நடுவில் துவைக்கும் இயந்திரங்கள், உலர்த்தும் இயந்திரங்கள், பெரிய நீராவிப் பிரஸ், துணி மடிக்கிற மேசை. ஒரு மருத்துவமனையின் படுக்கை விரிப்புகளும் சில தங்கும் விடுதிகளின் துண்டுகளும்தான் அவர்கள் பிழைப்பு. ஊரில் யார் எப்படித் தூங்கினாலும் மறுநாள் அதன் கறை நம் கைக்கு வந்துவிடும் என்பாள் ரேடியோ.

ரேடியோ என்பது மடிப்பு மேசையில் நின்றவளின் பட்டப்பெயர். காலையில் வாயைத் திறந்தால் சாயங்காலம்தான் மூடுவாள். பிரஸ்ஸில் நின்றவருக்கு ஆவி என்று பெயர் வைத்ததும் அவள்தான். அவர் சேர்ந்த புதிதில் ஒருநாள் காலை விளக்கைப் போடாமலே அவள் உள்ளே நுழைய, வெள்ளைப் புகைக்கு நடுவே ஒல்லியாக ஓர் உருவம் சத்தமில்லாமல் நின்றுகொண்டிருந்தது. அவள் போட்ட அலறலில் சந்து நாய்கள்கூட ஓடிப்போயின. அன்றிலிருந்து அவர் ஆவி. அவருக்கும் அதில் வருத்தமில்லை. தொலைபேசியை எடுத்தால் “ஆவி பேசுறேன்” என்பார். புதிதாகக் கூப்பிடுகிறவர்கள் பயந்து போனை வைத்துவிடுவார்கள். தம்பி தலையில் அடித்துக்கொள்வான்.

இத்தனை வருடத்தில் உடம்பு சரியில்லை என்று ஆவி ஒருநாளும் வராமல் இருந்ததில்லை. அக்கா அதைப் பெருமையாகச் சொல்வாள். அது அவருடைய உடம்பின் பலமா, சட்டத்தின் லட்சணமா என்று அவள் யோசித்ததில்லை. பழைய சட்டப்படி ஒருவர் நோயில் படுத்தால் முதல் சில நாள்களுக்கு முதலாளி எதுவும் தரவேண்டியதில்லை. அதற்குப் பிறகும் எழுந்திருக்காவிட்டால்தான் நோய்விடுப்புச் சம்பளம். அரைநாள் வேலைக்காரர்களுக்கு அதுவும் கிடையாது. ஏழைபாழைகளின் நோய்கள் பெரும்பாலும் அந்தச் சில நாளுக்குள்ளேயே சரியாகிவிடும். அல்லது சரியாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு ஆள் வந்துவிடும். காய்ச்சலோடு வருவார்கள். இருமிக்கொண்டே மடிப்பார்கள். அக்காவும் அப்படித்தான் வந்து நின்றாள். ஆகவே அதில் கோளாறு இருப்பதாக அவளுக்குத் தோன்றியதே இல்லை.

அந்தச் சட்டம் மாறப்போகிறது என்று சிறு முதலாளிகள் சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு அக்கா போனாள். மடக்கு நாற்காலி, மக்கர் செய்யும் ஒலிபெருக்கி, மேடையில் ஒரு வக்கீலம்மா. இனி படுத்த முதல் நாளிலிருந்தே சம்பளம் உண்டு, அரைநாள் ஆட்களுக்கும் உண்டு, தக்க காரணம் இல்லாமல் யாரையும் வேலையை விட்டு அனுப்பமுடியாது என்று அவர் ஒவ்வொன்றாக விளக்கினார். அடுத்த மாதம் பிறந்ததும் அமலுக்கு வருகிறது. இதில் சந்தேகம் வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னார். முன்வரிசையில் ஒருவர் எழுந்து, எனக்கு உடம்புக்கு வந்தால் யார் தருவார்கள் என்று கேட்டார். கூடம் முழுக்கச் சிரித்தது. வக்கீலம்மாவும் சிரித்தார். பதில் சொல்லவில்லை. அக்காவுக்கு அந்தச் சிரிப்பில் கலந்துகொள்ளக்கூடத் தெம்பில்லை. விடுதித் துணிகள் உலர்த்தும் இயந்திரத்தில் கிடந்து கருகுமோ என்றே அவள் மனம் அடித்துக்கொண்டிருந்தது.

டீ குடிக்கும்போது அச்சகக்காரர் ஒருவர், இதெல்லாம் நடக்காது, தள்ளிப்போட்டுவிடுவார்கள் என்று தன் மச்சான் சொன்னதாகச் சொன்னார். மச்சானுக்கு யார் சொன்னார்கள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்க இதமாக இருந்ததால் எல்லோரும் தலையாட்டினார்கள்.

திரும்பி வந்ததும் தம்பி பிடித்துக்கொண்டான். அவனும் எங்கெங்கோ விசாரித்து வைத்திருந்தான். ஆட்களை வேலைக்காரர்கள் என்று வைத்துக்கொள்ளாமல் ஆளுக்கொரு ஒப்பந்தக்காரர் என்று எழுதிவிட்டால் எந்தச் சட்டமும் நம்மை அண்டாது என்றான். அதே ஆட்கள், அதே பிரஸ், பெயர் மட்டும் வேறு. இல்லையென்றால் மாதம் பிறப்பதற்குள் ஒன்றிரண்டு பேரைக் குறைத்துவிட வேண்டும் என்றான். யாரை என்று அவள் கேட்டாள். படுக்கிற மாதிரி இருப்பவர்களை என்றான். அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். அங்கே படுக்கிற மாதிரி இல்லாதவர் யாரும் இல்லை, அவளையும் சேர்த்து. “அப்புறம் பேசலாம்டா” என்று எழுந்துபோய்விட்டாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. அந்த நாள்களில் அவள் எடுத்த முடிவுகள் எல்லாமே அப்படித்தான் இருந்தன.

அதற்கு அடுத்த நாளோ அதற்கும் மறுநாளோ ஆவி அவளைத் தேடி வந்தார். துவைக்கும் இயந்திரம் ஒன்றின் அடியில் தண்ணீர் கசிந்து தரையெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் முட்டிபோட்டுப் பழைய துண்டைத் திணித்துக்கொண்டிருந்தாள். காதுக்கும் தோளுக்கும் நடுவே தொலைபேசி. துண்டுகள் குறைகின்றன என்று விடுதிக்காரர் மறுமுனையில் எகிறிக்கொண்டிருந்தார். அவள் வைக்கும்வரை ஆவி காத்து நின்றார்.

“அக்கா, அந்தப் புதுச் சட்டம் அடுத்த மாசம் வந்துடும்ல?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஒருநாளும் படுக்காத மனிதர் இப்போது எதற்காக இதைக் கேட்கிறார்? சட்டம் வருவதற்கு முன்பே பாயை விரிக்கிறாரா? இவரே படுத்துவிட்டால் பிரஸ்ஸில் யார் நிற்பது? ஒரு நொடியில் இவ்வளவும் மனதில் ஓடிற்று. கை நனைந்து விறைத்திருந்தது.

“அது தள்ளிப் போகுதாம்” என்றாள். “எப்ப வரும்னு தெரியல.”

“அப்படியா” என்றார் ஆவி. “சரிக்கா.”

குனிந்து இன்னொரு துண்டை எடுத்து அவளிடம் நீட்டிவிட்டுப் பிரஸ்ஸுக்குப் போனார்.

மாதம் பிறந்தது. சட்டம் தள்ளிப் போகவில்லை. எல்லாரும் பார்க்கும் இடத்தில் ஒட்டவேண்டும் என்று விதி இருந்ததால் தம்பி அரசாங்க அறிவிப்பை முணுமுணுத்துக்கொண்டே கைகழுவும் தொட்டிக்கு மேலே ஒட்டினான். ரேடியோ அதைச் சத்தம்போட்டு எல்லோருக்கும் வாசித்துக் காட்டினாள். ஆவி கை கழுவிக்கொண்டே கேட்டார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அக்கா அந்தப் பக்கம் திரும்பவில்லை. இனி அவர் வந்து கேட்பார், என்ன சொல்வது என்று இரண்டொரு நாள் அவள் பிரஸ் பக்கமே போகவில்லை. அவர் கேட்கவில்லை. வேறு யாரும் கேட்கவில்லை. முன்பு போலவே எல்லோரும் வந்தார்கள், முன்பு போலவே இருமினார்கள். பார்த்தாயா, வீணாகப் பயந்தோம் என்றான் தம்பி. அவளுக்கும் மூச்சு விட்ட மாதிரி இருந்தது.

ஆவி இடுப்பில் ஒரு துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலை செய்வதை அவள் கவனிக்காமல் இல்லை. மூட்டையைத் தூக்கும்போது ஒரு கை அடிவயிற்றுக்குப் போகும். ரேடியோ என்னவென்று கேட்டதற்கு, இடுப்பு நழுவி விழுந்துவிடாமல் கட்டி வைத்திருக்கிறேன் என்றார். ரேடியோ சிரித்தாள். அக்கா கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும், பதில் வந்தால் ஏதாவது செய்யவேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

அந்த மாதம் முடிவதற்குள் ஒரு நாள். மருத்துவமனைக்குச் சரக்கு அனுப்பவேண்டிய காலை. வேனில் பாதி ஏற்றியாகிவிட்டது. பிரஸ் சத்தம் நின்றதும் முதலில் திரும்பியவள் அக்காதான். அந்தச் சத்தம் நின்றால் அவளுக்குத் தூக்கத்திலும் விழிப்பு வரும். ஆவி தரையில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. தண்ணீர் கொடுத்தார்கள், குடிக்க முடியவில்லை. எழுந்திருக்கப் பார்த்தார், பாதியில் மடங்கி அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார். வயிற்றைத் தொடவிடவில்லை.

தம்பிதான் ஓடிவந்து தூக்கினான். படுக்கிற மாதிரி இருப்பவர்களைக் கணக்கெடுத்த அதே தம்பி. குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, வழி விடு வழி விடு என்று யாருமில்லாத வழியைப் பார்த்துக் கத்திக்கொண்டே போனான். வேனில் அடுக்கியிருந்த விரிப்புகளின் மேலேயே படுக்க வைத்தார்கள். அக்கா பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். வேன் பள்ளத்தில் விழுந்து எழும்போதெல்லாம் ஆவி பல்லைக் கடித்தார். பாதி வழியில் வாந்தி எடுத்தார். பிறகு கண்ணைத் திறந்து, தன் கீழே கிடந்த வெள்ளைத் துணியைத் தடவிப் பார்த்தார்.

“விரிப்பெல்லாம் அழுக்காயிடுச்சுக்கா.”

“பேசாம படுங்க” என்றாள் அவள். விரிப்பின் நுனியால் அவர் வாயைத் துடைத்துவிட்டாள்.

குடலிறக்கம் என்றார்கள். வெகுநாளாக இருந்திருக்கிறது. இறங்கிய குடல் மேலே போக வழியில்லாமல் மாட்டிக்கொண்டுவிட்டது, உடனே அறுவை சிகிச்சை செய்யவேண்டும் என்று உள்ளே கொண்டுபோனார்கள். தம்பி வேனில் மிஞ்சிய சுத்தமான துணியை இறக்கிக் கொடுக்கப் போனான். அக்கா நடைபாதையில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கடந்துபோன ஒவ்வொரு கட்டிலிலும் அவளுடைய விரிப்புகள். ஓரத்தில் தைத்திருந்த அடையாள நூலை அவளால் தூரத்திலிருந்தே பார்க்க முடிந்தது.

ஆவியின் மனைவி வேலையிலிருந்து நேராக வந்தாள். அலுவலகங்களைச் சுத்தம் செய்கிற நிறுவனம் ஒன்றின் நீலச் சட்டை. சட்டைக் கையைக்கூட இறக்கிவிடவில்லை. அக்கா எழுந்து இடம் கொடுத்தாள். நடந்ததைச் சொன்னாள். வந்தவள் அழவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டாள்.

“ரெண்டு தடவ தேதி குடுத்தாங்கக்கா” என்றாள் பிறகு. “மொதத் தடவ, படுத்தா சம்பளம் வராது, புதுச் சட்டம் வரட்டும்னு தள்ளி வாங்கிக்கிட்டு வந்தாரு. ரெண்டாவது தேதி இந்த மாசம் ஆரம்பத்துல. அப்புறம் ஒரு நாள் வந்து, சட்டம் தள்ளிப் போகுதாம், அக்கா சொன்னாங்கன்னு அதையும் வேணாம்னு சொல்லிட்டாரு.”

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. பேருந்து ஏன் தாமதம் என்று சொல்வதுபோலச் சொன்னாள். அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் உள்ளிருந்து ஒரு செவிலி வந்து, குடலில் கொஞ்சம் வெட்டி எடுக்கவேண்டியிருந்தது, உயிருக்கு ஆபத்தில்லை என்றாள். அவர் மனைவி அப்போதுதான் அழுதாள். அக்கா அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தத் தோளைப் பிடிக்கத் தனக்கு என்ன அருகதை என்றும் கையை எடுத்தால் அது வேறு மாதிரி ஆகிவிடுமே என்றும் ஒரே நேரத்தில் தோன்றியது.

மறுநாளிலிருந்து பிரஸ்ஸில் அக்கா நின்றாள். தொழில் ஆரம்பித்த காலத்தில் நின்றவள்தான், ஆனால் உடம்பு அதை மறந்துவிட்டிருந்தது. மூடியை இழுத்து அமுக்கினால் குப்பென்று நீராவி முகத்தில் அடிக்கும். நனைந்த விரிப்பு ஒன்று ஆளைச் சாய்க்கும் கனம். மத்தியானத்துக்குள் தோள்பட்டை கழன்று விழுவதுபோல ஆயிற்று. இதை ஒரு மனிதர் குடல் இறங்கிய வயிற்றோடு செய்தார் என்பதை ஒவ்வொரு தடவை மூடியை இழுக்கும்போதும் நினைத்துக்கொண்டாள். நினைக்காமல் இருக்க முடியவில்லை. ரேடியோ அந்த வாரம் முழுக்க அவ்வளவாகப் பேசவில்லை. அதுவே பெரிய சத்தமாக இருந்தது.

தம்பி முதல் இரண்டு மூன்று நாள் மருத்துவமனைக்குத் தினமும் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். பிறகு மறுபடியும் கணக்கில் உட்கார்ந்தான். முதல் நாளிலிருந்து சம்பளம் போட்டாயா என்று அவள் கேட்டபோது, போடாமல் எப்படி, சட்டமாயிற்றே என்றான். கூடவே, இனி அந்த ஆளால் பிரஸ்ஸில் நிற்கமுடியாது, கனம் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், திரும்பி வந்தால் என்ன வேலை கொடுப்பது என்று இழுத்தான். அந்த ஒப்பந்தப் பேச்சு நாக்கு நுனிவரை வந்தது தெரிந்தது.

“அவரைத் தூக்கிட்டு ஓடினப்ப என்ன கனம் இருந்தாருடா?” என்று கேட்டாள்.

அவன் யோசித்தான். “கனமே இல்லக்கா” என்றான். “ஒரு மூட்டை அளவுகூட இல்ல.”

பிறகு அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கைவிட்டானா, தள்ளிவைத்தானா என்று அவளும் கேட்கவில்லை.

சட்டம் சொன்ன சம்பளம் முழுச் சம்பளம் அல்ல. அதில் ஒரு பங்குதான். மீதியைத் தன் கையிலிருந்து போடலாமா என்று அவள் பார்த்தாள். கையில் ஒன்றுமில்லை. ஆகவே சலவைக் கூலியை ஏற்றித் தரச்சொல்லிக் கேட்க மருத்துவமனைப் பண்டகப் பொறுப்பாளரிடம் போனாள். அவர் நல்ல மனிதர்தான். நாற்காலி போடச் சொல்லி, முழுக்கக் கேட்டுவிட்டு, இந்த மாதம் வந்த எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள் என்றார். சாப்பாடு போடுகிறவர், குப்பை அள்ளுகிறவர், காவலுக்கு ஆள் அனுப்புகிறவர், எல்லோருமே. மேலே கேட்டால், நோயாளிகளிடமா வாங்குவது என்கிறார்களாம். ஒன்றும் செய்வதற்கில்லை, ஆனாலும் எழுதிப் பார்க்கிறேன் என்றார். எழுதினார் போலும். அவள் கேட்டதில் பாதிக்கும் குறைவாக ஏற்றித் தந்தார்கள். இல்லாததற்கு அது பரவாயில்லை என்று தம்பி சொன்னான்.

ஆவியை வீட்டுக்கு அனுப்பிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா ஒரு பை பழத்தோடு அவரைப் பார்க்கப் போனாள். மாடிப்படிக்குக் கீழே இரண்டு அறை வீடு. முதல் அறையிலேயே கட்டில். ஜன்னலில் திரைக்குப் பதில் ஒரு பழைய விரிப்பு. அவர்களுடைய நிலையத்தில் கிழிந்துபோனதென்று கழித்துப்போட்டதுதான். கிழிசலைத் தைத்துச் சுருக்கமில்லாமல் தேய்த்துத் தொங்கவிட்டிருந்தார்கள். ஆவி இன்னும் இளைத்திருந்தார். எழுந்து உட்காரப் பார்த்தவரை அவள் அமர்த்தினாள்.

சம்பளம் முதல் நாளிலிருந்தே வந்துவிட்டது என்று மனைவி நன்றி சொன்னாள். “அது நான் தர்றது இல்லம்மா, சட்டம்” என்றாள் அக்கா. “யார் தந்தா என்னக்கா, வந்துச்சே” என்று சொல்லிவிட்டு அவள் டீ போட உள்ளே போனாள்.

வந்தது பழம் கொடுக்க அல்ல என்று அக்காவுக்குத் தெரியும். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தாள். இப்போது ஒரு வார்த்தையும் வரிசையில் நிற்கவில்லை.

“சட்டம் தள்ளிப் போகுதுன்னு அன்னிக்குச் சொன்னேனே” என்று ஆரம்பித்தாள். “அப்படி யாரும் உறுதியா சொல்லல. டீ குடிக்கறப்ப ஒருத்தர் சும்மா சொன்னது. வரப்போகுதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் உங்ககிட்ட அப்படிச் சொன்னேன்.”

ஆவி கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

“தெரியும்க்கா” என்றார்.

“என்ன தெரியும்?”

“தேதி மாறலன்னு. அன்னிக்குச் சாயங்காலமே நம்ம ரேடியோ சொல்லிடுச்சு, பேப்பர்லயே போட்டிருக்குன்னு.”

அவளுக்குப் புரியவில்லை. தெரிந்திருந்தால் மருத்துவமனைத் தேதியை ஏன் வேண்டாம் என்றார்? மனைவியிடம் ஏன் அப்படிச் சொன்னார்? கேட்டாள். உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் எழும்வரை அவர் பொறுத்திருந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

“சட்டம் வரும்னு தெரிஞ்சுதுக்கா. உங்களுக்கு அது பிடிக்கலன்னும் தெரிஞ்சுபோச்சு. நீங்க அப்படிப் பொய் சொல்ற ஆள் இல்ல. சொல்றீங்கன்னா அவ்வளவு கஷ்டம்னு நெனச்சேன். அவகிட்ட அதையெல்லாம் எப்படிச் சொல்றது? நீங்க சொன்னதையே சொல்லிட்டேன்.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். “சட்டத்தை நான் ஒரு தடவ பாத்தா போதும். உங்க மொகத்தை நான் தினமும் பாக்கணுமே. மொத ஆளா நான் போய் நிக்க வேணாம், வேற யாராவது லீவு போடட்டும், அப்புறம் போடலாம்னு இருந்தேன். யாருமே போடல.”

அவர் கோபித்துக்கொண்டிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு, மனம் கொஞ்சம் லேசாகித் திரும்பியிருப்பாள். தன் முகம் ஒரு மனிதருடைய வயிற்று வலியைவிடப் பெரிதாக இருந்திருக்கிறது என்பதை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. தான் அவ்வளவு பெரிய ஆள் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. மூன்று தவணை பாக்கியில் ஓடுகிற இயந்திரங்களுக்கும் கத்துகிற விடுதிக்காரர்களுக்கும் நடுவே தானே ஒரு கூலிக்காரி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

“தப்பு பண்ணிட்டேன்” என்றாள்.

“விடுங்கக்கா” என்றார். அது மன்னித்த குரல் இல்லை. பேசிக் களைத்த குரல். டீ வந்தது. குடித்தார்கள். ரேடியோ மருத்துவமனைக்கு வந்து செவிலிகளையே பேசிக் களைக்கவைத்த கதையை மனைவி சொன்னாள். மூவரும் சிரித்தார்கள். சிரித்தால் தையல் இழுக்கிறது என்று ஆவி கையை உயர்த்தினார்.

திங்கட்கிழமை காலை எல்லோரும் வந்ததும் அக்கா அவர்களைக் கைகழுவும் தொட்டிப் பக்கம் கூப்பிட்டாள். பேசிப் பழக்கமில்லாதவள். உடம்பு முடியாதவர்கள் வரவேண்டாம், வீட்டில் இருந்துகொண்டு சொல்லி அனுப்பினால் போதும், சம்பளம் வரும், தான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ள மாட்டேன் என்றாள். எல்லோரும் தலையாட்டினார்கள். நம்பினார்களா என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு முகத்தை மாற்ற ஒரு காலை போதாது என்று அவளுக்கே தெரிந்திருந்தது.

ஆவி திரும்பி வந்தபோது அவரை முன்வாசலில் உட்காரவைத்தார்கள். வருகிற மூட்டைகளைப் பிரித்து, எது யாருடையது என்று அடையாளச் சீட்டுக் கட்டுகிற வேலை. சம்பளத்தைக் குறைக்கவில்லை. குறைக்கலாமா என்று தம்பி கேட்டுப் பார்த்தான், அக்கா அவன் முன்னாலிருந்த கணக்கு நோட்டை மூடிவைத்தாள், அதோடு விட்டுவிட்டான். பிரஸ்ஸைக் காலையில் தம்பியும் மத்தியானத்துக்குமேல் அக்காவும் பார்த்துக்கொண்டார்கள். புது ஆள் வைக்க இன்னும் வழி பிறக்கவில்லை. ஆவி முன்போல அதிகம் வேடிக்கை பேசுவதில்லை. அக்காவிடம் மரியாதையாகவே இருந்தார், கொஞ்சம் கூடுதல் மரியாதையாகவே. அந்தக் கூடுதல்தான் அவளை உறுத்தியது. அது போக நாளாகும், போகாமலும் இருக்கலாம்.

குளிர் ஆரம்பித்த ஒரு காலையில், கடை திறந்த சற்று நேரத்தில் ரேடியோவிடமிருந்து அழைப்பு வந்தது. அவளுடைய குரல் என்றே முதலில் தெரியவில்லை. தொண்டை கட்டிக் கீச்சென்று வந்தது.

“அக்கா, காய்ச்சல். ராத்திரியெல்லாம் தூங்கல. இன்னிக்கு வரல.” சற்றுத் தயங்கினாள். “வரணும்னா வந்துடுறேன்.”

அக்கா மடிப்பு மேசையைப் பார்த்தாள். முந்தின நாள் துண்டுகளும் விரிப்புகளுமே குவிந்து கிடந்தன. மத்தியானத்துக்குள் போய்ச் சேரவேண்டியவை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். மறுமுனையில் ரேடியோ மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பது கேட்டது.

“வராத. படுத்துக்க” என்றாள். “நாளைக்கும் முடியலன்னா வராத. டாக்டரைப் பாரு.”

“சரிக்கா” என்றாள் ரேடியோ. இன்னும் ஏதோ சொல்ல நினைத்து, குரல் வராமல் வைத்துவிட்டாள்.

தம்பி வேன் சாவியோடு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். யார் என்று கேட்டான். சொன்னாள். அவன் பெருமூச்சு விட்டான். இந்த மாதம் இதுதான் ஆரம்பம், இனி ஒவ்வொருவராகப் படுப்பார்கள் பார் என்றான். படுத்தால் படுக்கட்டும் என்றாள். பிரஸ்ஸை யார் பார்ப்பது, மேசையை யார் பார்ப்பது என்றான். அவள் குவியலிலிருந்து ஒரு விரிப்பை இழுத்து ஒரு முனையை அவன் கையில் கொடுத்தாள். அவன் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தன் பக்கத்து மறுமுனையைத் தேடிப் பிடித்தான். இருவரும் எதிரெதிரே விலகி நின்று துணியை உதறினார்கள். அவன் கோணலாகப் பிடித்திருந்தான். மறுபடி பிடிக்கச் சொன்னாள்.